பிறந்த வீட்டுப் பெயரைத் தேடி: சால்ட் லேக் சிட்டி நூலகத்தில் மூன்று நாள்

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள, குடும்ப வரலாறு தேடுவதற்கான பேமிலிசர்ச் நூலகத்துக்குப் போய் வந்து சில மாதங்கள் ஆகின்றன. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது. எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. நான்கு ஆண்டுகளாகப் பணம் கட்டியும் கிடைக்காத ஒரு பெயர், அங்கே உட்கார்ந்த இரண்டாம் நாள் பிற்பகலில் எனக்குக் கிடைத்தது. அமெரிக்கக் குடும்பங்களில் மணம் முடித்த தமிழர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் அந்தப் பக்கத்துப் பாட்டிமார்களைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தேடியது என் மாமியாருக்காக. அவருக்கு வயது 84. இண்டியானாவில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் தனியாக இருக்கிறார். பெற்றது இரண்டும் மகன்கள். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று இறங்கி வந்த இழை அவருடைய மகன்களோடு நின்றுவிடும். இதை ஒருநாள் சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே அவரே சொன்னார். "என் அம்மா, அவளுடைய அம்மா என்று எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாவது ஆளோடு தடம் அறுந்துவிடுகிறது. அந்த ஐந்தாவது ஆளைப் பெற்றவள் யாரென்று தெரியாமலேயே நான் போய்விடுவேன் போலிருக்கிறது" என்றார். அன்றைக்குக் கையில் எடுத்த வேலை இது.

அந்த ஐந்தாவது பெண் 1803இல் கென்டக்கியில் பிறந்தவள். அவளுடைய தாய் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண் என்று குடும்பத்தில் பேச்சு. கென்டக்கி, டென்னசி, வட கரோலினா வழி வந்த வெள்ளையர் குடும்பங்களில் இந்தக் கதையைக் கேட்காத வீடு குறைவு. உயர்ந்த கன்ன எலும்பும் கறுத்த நீள்கூந்தலும்தான் சாட்சி. மாமியார் சிறுமியாக இருந்தபோது அவருடைய பாட்டி கூந்தலைப் பின்னிவிட்டுக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஆகவே அதைத் தொடும்போது கவனமாகத்தான் தொட வேண்டியிருந்தது.

முதலில் டிஎன்ஏ பரிசோதனை செய்தோம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பரிசோதனைகள் இன்ன பகுதியிலிருந்து இத்தனை சதவீதம் என்று ஒரு வண்ண வரைபடம் தரும். தாய்வழிக்கு அது போதாது. செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டிஎன்ஏவை முழுமையாகப் படிக்கும் பரிசோதனை வேண்டும். 16,569 எழுத்துகள் கொண்ட சிறிய வளையம் அது. தாய் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள், ஆனால் மகள் மட்டுமே அடுத்த தலைமுறைக்கு அதைக் கடத்துவாள். ஹூஸ்டனில் உள்ள பேமிலிட்ரீடிஎன்ஏ நிறுவனத்தில் இந்த முழுப் பரிசோதனை கிடைக்கிறது. தள்ளுபடி நாளில் வாங்கினால் 150 டாலருக்குள் முடியும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினோம். சில வாரங்களில் முடிவு வந்தது. மாமியாரின் தாய்வழிக் குழு, அதாவது பழங்காலத்துத் தாய் ஒருத்தியிடமிருந்து இறங்கிய கிளை, ஹெச். ஐரோப்பியரில் பத்தில் நான்கு பேர் அந்தக் குழுதான். அமெரிக்கப் பழங்குடியினரின் தாய்வழிக் குழுக்கள் ஏ, பி, சி, டி ஆகியவற்றின் குறிப்பிட்ட கிளைகளும் எக்ஸ்2ஏவும். ஹெச் அந்தப் பட்டியலில் இல்லை.

மாமியார் காகிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அப்படியானால் அவள் யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செரோக்கியரிடையே பிள்ளை தாயின் குலத்தையே சேரும். ஏழு குலங்களும் தாய்வழியாகவே இறங்குகின்றன. இன்று செரோக்கி தேசத்தின் குடியுரிமை இரத்தப் பரிசோதனையால் கிடைப்பதில்லை, 1898க்குப் பிறகு அமெரிக்க அரசு தொகுத்த டாஸ் (Dawes) என்ற பழங்குடியினர் பெயர்ப் பட்டியல்களில் உள்ள ஒருவரின் வழித்தோன்றல் என்று காட்ட வேண்டும். தாயின் பெயரை இவ்வளவு கவனமாகக் காத்துவரும் ஒரு மக்களின் பெயரை, தாயின் பெயர் தெரியாத குடும்பங்கள் எடுத்துப் பூசிக்கொண்டது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மாமியாரிடம் அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

பரிசோதனையைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது "இல்லை" என்று சொல்வதில் கெட்டி. "யார்" என்று சொல்லாது. ஒரு எழுத்துகூட மாறாமல் முழுமையாகப் பொருந்தும் இருவருக்குப் பொதுவான தாய் ஐந்து தலைமுறைக்குள் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்புதான். 95 சதவீத உறுதி வேண்டுமானால் 22 தலைமுறை பின்னால் போக வேண்டும். பொருத்தப் பட்டியலைப் பார்த்தவுடன் சொந்தம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து யாரும் ஏமாற வேண்டாம். ஏட்டில் ஒரு தொடர் கட்டிய பிறகு அதைச் சரிபார்க்கவே இது உதவும்.

ஏட்டில் தேடுவதற்கு ஒரு கட்டணத் தளத்தில் சேர்ந்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே வேறு பயனர்கள் கட்டிய குடும்ப மரங்களில் எங்கள் ஐந்தாவது பெண் பதினேழு இடங்களில் இருந்தாள். பதினேழிலும் ஒரே தாய். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வயது வித்தியாசம் ஒன்பது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து ஒட்டி, அதைப் பார்த்து இன்னொருவர் ஒட்டியிருக்கிறார். சான்று என்ற இடத்தில் ஒருவர் மற்றவரைக் காட்டியிருந்தார். நான்கு ஆண்டுச் சந்தா அப்படிப் போனது.

பெண்களைத் தேடுவது ஏன் இத்தனை கடினம் என்று புரிந்துகொண்டால்தான் நூலகத்தின் அருமை தெரியும். அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. 1840 வரைக்கும் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் வயது வாரியாகக் கட்டங்களில் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறியது. 1880இல்தான் பெற்றோர் பிறந்த மாநிலம் கேட்டார்கள். 1890இன் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டன. அதற்கும் மேலே ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் ஒன்று. மணமானவுடன் பெண்ணின் சட்ட உரிமை கணவனுக்குள் அடங்கிவிடும். சொத்து அவன் பெயரில், வழக்கு அவன் பெயரில், வரி அவன் பெயரில். அவள் பிறந்த வீட்டுப் பெயரை எழுத யாருக்கும் தேவை இருக்கவில்லை.

நூலகம் நகரின் நடுவில், வெஸ்ட் டெம்பிள் தெருவில் இருக்கிறது. பிந்தைய நாள் புனிதர் திருச்சபை, அதாவது பலரும் மார்மன் சபை என்று சொல்வது, நடத்துகிற நூலகம். 1894இல் அவர்கள் தொடங்கிய வம்சாவளிச் சங்கம்தான் இதன் வேர். உலகமெங்கும் போய் ஏடுகளைப் படமெடுத்து 24 லட்சம் மைக்ரோபிலிம் சுருள்கள் சேர்த்தார்கள். மூலச் சுருள்களை நகருக்கு வெளியே கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய அறைகளில் பாதுகாக்கிறார்கள். சுருள்களை எண்ணிமப் படுத்தும் வேலை 2021இல் முடிந்தது. மறைந்த முன்னோர்களுக்காகச் சடங்கு செய்வது அவர்களுடைய நம்பிக்கை, அதற்காகவே இத்தனை உழைப்பு. மத விஷயம் பேசுவார்களோ என்று தயங்கித்தான் போனேன். மூன்று நாளும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மார்பில் பெயர் அட்டை அணிந்த தன்னார்வலர்கள் வந்து, "எந்த மாநிலம், எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்டார்கள்.

நான் போனதற்குக் காரணம் இன்னொன்று. 2024இல் பேமிலிசர்ச் ஒரு புதிய தேடல் வசதியைச் சோதனையாகத் திறந்தது. கையெழுத்து ஏடுகளைக் கணினியே வாசித்து, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தேடும்படி செய்திருக்கிறார்கள். முதலில் எடுத்துக்கொண்டவற்றில் அமெரிக்காவின் நிலப் பத்திரங்களும் உயில்களும் இருந்தன. பழைய அட்டவணைகளில் விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் மட்டும் இருக்கும். பத்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் மனைவி, மகள், விதவைத் தங்கை ஆகியோர் அட்டவணையில் ஏறியதே இல்லை. இப்போது அவர்களைத் தேடலாம். தாய்வழி தேடுகிறவர்களுக்கு இதற்கு இணையான வசதி வேறு எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்குப் பத்திர மொழி அந்நியமல்ல. என் அப்பா கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதியவர். நான்கெல்லை, பாத்தியதை, வில்லங்கம் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் கென்டக்கியின் மேடிசன் கவுண்டிப் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல) பத்திரங்களை முதன்முதலில் திரையில் பார்த்தபோது அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. அங்கே எல்லை மரங்களால் சொல்லப்படுகிறது. இரண்டு வெள்ளை ஓக் மரமும் ஒரு ஹிக்கரி மரமும் நிற்கும் மூலையில் தொடங்கி, வடகிழக்காக இத்தனை கோல் தூரம் ஓடையின் வளைவு வரை. ஒரு கோல் 16.5 அடி. மரம் பட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். உதவிக்கு வந்த பெரியவர், "வழக்குப் போடுவார்கள். வழக்குப் போட்டால் இன்னும் நிறையப் பெயர்கள் கிடைக்கும்" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரிந்தது.

ஐந்தாவது பெண்ணின் திருமணப் பதிவு 1823ஆம் ஆண்டு இண்டியானா கவுண்டி ஏட்டில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதிலிருந்து அவளுடைய தந்தையின் குடும்பப் பெயர் தெரிந்தது. 1880 கணக்கெடுப்பில், அவள் கிழவியாக மகள் வீட்டில் இருந்தபோது, தாய் பிறந்த இடம் வட கரோலினா என்று சொல்லியிருந்தாள். கையில் இருந்தது இவ்வளவுதான். முதல் நாள் முழுக்கத் தந்தையின் பெயரை வைத்துத் தேடி வரிப் பட்டியல்களில் சுற்றினேன். இரண்டாம் நாள் காலை அந்தப் பெரியவரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்ன யோசனை இது: "பெண்ணின் பெயரைத் தேடாதீர்கள். அவள் அப்பா இறந்திருப்பார். சொத்தில் அவளுக்குப் பங்கு இருந்திருக்கும். அந்தப் பங்கை வாங்க அவ்வளவு தூரம் போக முடியாது. யாருக்காவது அதிகாரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள்."

பவர் பத்திரம்! அப்பா வாரத்துக்கு நாலு எழுதுவார். நான் தேடும் தாயின் கணவன், அதாவது ஐந்தாவது பெண்ணின் தந்தை பெயரோடு "அதிகாரம்", "மனைவி", "இறந்துபோன", "வட கரோலினா" என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் போட்டேன். மாலை மூன்று மணிக்குத் திரையில் வந்தது மேடிசன் கவுண்டிப் பத்திர ஏட்டின் ஒரு பக்கம், ஆண்டு 1810. பழுப்புத் தாள், பின்பக்கத்து மை ஊறி முன்பக்கம் தெரிகிறது. எஸ் எழுத்து எஃப் போல நீண்டு நிற்கிறது. கணினி பாதி வார்த்தைகளைத் தப்பாகத்தான் வாசித்திருந்தது. நான் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வட கரோலினாவின் ரோவன் கவுண்டியில் காலமான இன்னாரின் மகளும் என் மனைவியுமான பாலிக்குச் சேர வேண்டிய பங்கை என் சார்பில் பெற்றுவர என் மைத்துனருக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்று இருந்தது. பாலி. அவள் பெயரும் அவளைப் பெற்றவரின் முழுப் பெயரும் ஒரே வரியில். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

பாலி என்பது மேரியின் செல்லப் பெயர். பாட்சி என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா. இது தெரியாமல் இரண்டு ஆட்களை ஒருவராக்கியவர்களும் ஒருவரை இரண்டாக்கியவர்களும் நிறைய. அதே ஏட்டின் அடுத்த தொகுதியில் 1817இல் கணவன் நிலத்தை விற்கும் பத்திரம் கிடைத்தது. அதன் அடியில் தனியாக ஒரு பத்தி. பாலியைக் கணவனிடமிருந்து ஒதுக்கி, தனியே விசாரித்து, இந்த விற்பனைக்கு அவள் தன் விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாள், கணவனின் மிரட்டலுக்கோ வற்புறுத்தலுக்கோ அஞ்சி அல்ல என்று நீதிபதிகள் உறுதி செய்கிறார்கள். கணவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுதும் அனுபவிக்க மனைவிக்கு உரிமை உண்டு. அதை அவள் விட்டுக்கொடுத்தால்தான் வாங்குகிறவனுக்கு முழு உரிமை. ஆக, அவள் பெயர் ஏட்டில் ஏறியது அவள்மேல் இருந்த மரியாதையால் அல்ல, வாங்குகிறவனுக்குப் பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்பதற்காக. அந்தப் பயத்துக்கு நான் நன்றி சொல்கிறேன். கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி "அவள்", "குறி" என்ற இரண்டு சொற்கள். இது எழுத்தர் ஏட்டில் பிரதி எடுத்தது, அவள் கை பட்ட தாள் அல்ல. அவள் எழுதத் தெரியாதவள் என்பது மட்டும் தெரிந்தது.

பாலியின் தந்தை பெயர் தெரிந்த பிறகு வட கரோலினா அரை நாளில் திறந்துகொண்டது. 1798ஆம் ஆண்டுத் திருமணப் பிணை முறியில் மணமகனோடு பிணை நின்றவர் பெண்ணின் அண்ணன். திருமணத்துக்குச் சட்டத் தடை இருந்தால் 500 பவுண்டு கட்டுகிறோம் என்று இருவரும் எழுதிக் கொடுக்கும் முறி அது. பிணை நிற்பவர் பெரும்பாலும் பெண் வீட்டார் என்பதால், தாய்வழி தேடுகிறவர்கள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு 1809இல் தந்தை எழுதிய உயில். இதை எழுதச் சற்றுத் தயங்கினேன். மாமியார்தான் எழுதச் சொன்னார். "என் மகள் பாலிக்கு ஒரு இறகு மெத்தை, ஒரு ராட்டை, ஒரு பசுவும் கன்றும்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஒரு கறுப்பினச் சிறுமியின் பெயர். அவளும் இனி அவள் பெறப்போகும் பிள்ளைகளும் பாலிக்கு என்று இருக்கிறது. மாடு, கன்று, சிறுமி, அவளுக்கு இன்னும் பிறக்காத குழந்தைகள், எல்லாம் ஒரே மையில் ஒரே வாக்கியத்தில். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்று வர்ஜீனியாவில் 1662இல் இயற்றிய சட்டம் தெற்கு முழுக்கப் பரவியிருந்தது. தாய்வழி என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் இப்படியும் ஒரு பொருள் இருந்தது. இருநூறு ஆண்டு கழித்து நாங்கள் தேடிய பாலியின் பெயருக்குக் கீழேயே அந்தக் குழந்தையின் பெயர் இருந்தது.

எனக்குக் கைக்குட்டை தந்தவர் ஜார்ஜியாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் தேடுவதே இப்படிப்பட்ட வரிகளைத்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் போன்றவற்றைத்தான் எழுதினார்கள், பெயர் இல்லை. பெயரோடு எல்லோரும் வருவது 1870இல்தான். அதற்கு முன்னால் போக முக்கியமான வழி, உடைமையாளர் வீட்டு உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் பக்கம் பக்கமாகப் படிப்பது. "உங்கள் பாலி எனக்கு வேண்டாம். அந்தச் சிறுமி யாருக்கோ வேண்டும்" என்றார். அன்று மாலையே உயிலின் முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து, சிறுமியின் பெயர், ஆண்டு, கவுண்டியோடு பொதுவில் பார்க்கும்படி ஏற்றிவிட்டேன். உங்கள் குடும்பத் தேடலில் இப்படி ஒரு வரி வந்தால் தயவுசெய்து கடந்து போகாதீர்கள். உங்களுக்கு அது துணுக்கு, இன்னொருவருக்கு அதுவே அறுந்த தடத்தின் மறுமுனை.

மூன்றாம் நாள் பென்சில்வேனியாவுக்குப் போனது. அதாவது மேல் தளத்துப் புத்தக அலமாரிகளுக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானியரும் ஸ்காட்-ஐரிஷ் மக்களும் லங்காஸ்டர், யார்க் வழியாக ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் தெற்கே இறங்கி, ரோனோக் தாண்டி ரோவன் கவுண்டியின் சாலிஸ்பரிக்கு வந்த பெரிய வண்டிப் பாதை ஒன்று உண்டு. அங்கிருந்து கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் போக டேனியல் பூன் 1775இல் வெட்டிய காட்டு வழி, 1796இல்தான் வண்டி போகும் அளவுக்கு அகலப்பட்டது. பாலியும் கணவனும் 1798க்கும் 1803க்கும் நடுவில் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பாலியின் பெற்றோர் அதற்கு ஒரு தலைமுறை முன்பு முதல் பாதையில் வந்தவர்கள். லங்காஸ்டர் பகுதி ஜெர்மன் லூத்தரன் தேவாலய ஏட்டின் அச்சுப் பிரதியில், பாலியின் அண்ணனுக்கு 1774இல் ஞானஸ்நானம் நடந்த பதிவு இருந்தது. அதில் தாயின் பெயருக்குப் பின்னால் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரும். ஆங்கிலேயர் ஏடுகள் மறைத்ததை ஜெர்மன் போதகர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞானப் பெற்றோராக நின்றவர்கள் அந்தத் தாயின் தங்கையும் தங்கை கணவரும். அந்தத் தாய்க்கே 1752இல் ஞானஸ்நானம் செய்த பதிவு நாற்பது பக்கம் முன்னால் இருந்தது. அதிலிருந்து எட்டாவது பெண்ணின் பெயரும் தெரிந்தது.

அங்கே கதவு மூடிக்கொண்டது. பிலடெல்பியாவில் 1727 முதல் வந்திறங்கிய ஜெர்மானியரிடம் அரசுக்கு விசுவாச உறுதிமொழி வாங்கினார்கள். பதினாறு வயது நிரம்பிய ஆண்களிடம் மட்டும். அந்தப் பட்டியலில் எட்டாவது பெண்ணின் கணவர் இருக்கிறார். அவள் அதே கப்பலில் வந்தாளா, வந்த பிறகு மணந்தாளா என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சரிபார்ப்பு. பாலிக்கு இன்னொரு மகள் உண்டு. அந்த மகளிலிருந்து பெண் வழியாகவே இறங்கி வந்த ஒரு பெண்மணி மிசௌரியில் இருக்கிறார். ஏடுகளைப் பிடித்து இறங்கி அவரைக் கண்டுபிடித்து எழுதினேன். மூன்று வாரம் யோசித்து ஒப்புக்கொண்டார். அவருடைய மைட்டோகாண்ட்ரியா முடிவும் மாமியாருடையதும் கடைசி எழுத்து வரை ஒன்று. ஏடும் உடலும் ஒரே கதையைச் சொல்லும்போது வரும் நிம்மதிக்காக அந்த 150 டாலரை மறுபடியும் செலவழிப்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகம் மூடியிருக்கும், அதை வைத்து டிக்கெட் போடுங்கள். இலவசக் கணக்கை வீட்டிலேயே தொடங்கிக்கொள்ளுங்கள். ஒரு பென்டிரைவ் போதும், பக்கங்களைப் படமாகச் சேமித்துக்கொள்ளலாம். புத்தகங்களை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. சொல் தேடலை வீட்டிலிருந்தே செய்யலாம், அப்படியானால் அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்டால், சில ஏடுகளின் படங்கள் ஒப்பந்தப்படி நூலகத்திலோ அதன் கிளை மையங்களிலோதான் திறக்கும். கிளை மையம் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கக்கூடும், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஆனால் பவர் பத்திரத்தைத் தேடச் சொன்ன அந்தப் பெரியவரின் அனுபவம் திரையில் கிடைக்காது. அதற்காகத்தான் விமானச் செலவு.

குறை என்று பார்த்தால், அவர்களுடைய பொதுக் குடும்ப மரம் உலகத்துக்கே ஒன்றுதான், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அது தகவல் கிடைக்கும் இடமே தவிர ஆதாரம் ஆகாது. கணினியின் வாசிப்பையும் அப்படியே நம்பக் கூடாது, மூலப் பக்கத்தைத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும். தயாரிப்பு இல்லாமல் போனால் அந்தக் கட்டடத்தின் அளவே திகைக்க வைத்துவிடும். எந்தக் கவுண்டி, எந்தப் பத்தாண்டு என்று தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கவுண்டி அந்த ஆண்டில் இருந்ததா, வேறொன்றின் பகுதியாக இருந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் சிப்பாயாக இருந்திருந்தால் விதவை ஓய்வூதியக் கோப்பைத் தவறவிடாதீர்கள். 1836க்குப் பிறகு விதவைகள் திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள்.

மாமியாரிடம் எட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பாலியிடம் வந்ததும் நிறுத்தி, "எழுதத் தெரியாதா இவளுக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பேனாவை வாங்கி, தாளில் பாலி என்ற பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெருக்கல் குறியைத் தானே போட்டுப் பார்த்தார். மிசௌரிப் பெண்மணிக்கு மூன்று பேத்திகள் என்று சொன்னதும், தன் அம்மாவின் புகைப்படத்தைப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபரில் மறுபடியும் போகிறேன். ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதி தேவாலய ஏடுகளைப் பார்க்க வேண்டும். இந்த முறை மாமியாரும் வருகிறார், ஜன்னல் பக்க இருக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.